செண்பகவல்லியின் பிஃபோர்

ஐப்பசி மாதத்து முதல் புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு, கோவில்பட்டியில் செண்பகவல்லி வீட்டுப் பின்வாசலுக்குச் செண்பகவல்லியே வந்து நின்றாள். உள்ளே அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த செண்பகவல்லி அல்ல இவள். இரண்டு வருஷத்துக்கு முந்தியவள், பதினோரு கிலோ கூடுதலானவள், கன்னம் உப்பி, கத்திரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டி, யாரோ சொன்ன எதற்கோ வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருப்பவள். போட்டோவில் முழங்காலுக்குக் கீழே கிடையாது என்பதால் இவளுக்கும் கிடையாது; ஆனாலும் சேலைக் கொசுவத்தை வைத்துக்கொண்டே மூன்று படியும் ஏறி வந்துவிட்டாள். இடது கையும் இல்லை. தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டிய மாதிரி நேராக முடிந்திருந்தது. ஆள் மொத்தமும் லேசாக மங்கி, மழைக்கு முந்திய வெளிச்சத்தில் நிற்பவள்போல் இருந்தாள்.

“ஏட்டி, பசிக்கு,” என்றாள். “என்ன வச்சிருக்க?”

“ரசம் கொதிக்கட்டும், இரு,” என்றாள் செம்பா. வீட்டிலும் தெருவிலும் அவளுக்குச் செம்பா என்றுதான் பெயர். பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பின் ஜூம் மீட்டிங் இருந்தது. வந்தவள் கேமராவில் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்கு வந்த முதல் கவலை. ஆச்சரியம் அப்போதும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. வந்தவள் யார் என்பதில் சந்தேகம் ஏதும் இருந்தால்தானே. வைகாசி மாதத்திலிருந்து வாட்ஸ்அப்பில் நூற்று நாற்பத்து மூன்று பேர் பார்த்த முகம் அது.

‘மேனிமலர் வெற்றித் தாரகைகள் – 7’ என்பது அந்த வாட்ஸ்அப் குரூப்பின் பெயர். மேனிமலர் என்பது வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற ஒரு பழுப்புப் பவுடர். கடையில் கிடைக்காது, கையிலிருந்து கைக்குத்தான் போகும். காலை ஆறு மணிக்கு மதுரையிலிருந்து கிருபா மேடம் ஒரு ரோஜாப்பூவைப் போட்டு ‘வணக்கம் தாரகைகளே’ என்பார், நூற்று நாற்பத்து மூன்று பேரும் ஆளுக்கொரு சூரியனைப் போட வேண்டும். ஏழு மணிக்குப் பவுடர் கலந்த டம்ளரைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும். புதன்கிழமை வந்தால் மாற்ற நாள், அன்றைக்குப் பிஃபோர், ஆஃப்டர் என்று பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட வேண்டும். குரூப்புக்கு ஒன்பது விதிகள் உண்டு. நான்காம் விதி: எதிர்மறையாக யாரும் எதுவும் பேசக் கூடாது, சந்தேகம் இருந்தால் மேடத்திடம் தனியாகக் கேட்கலாம். அதனால் நூற்று நாற்பத்து மூன்று பேரும் தனித்தனியாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு, ஒன்றாகச் சூரியன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செம்பா பவுடர் குடித்தது உண்மை. நான்கு நாள் குடித்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. சாத்தூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனாள், டைபாய்டு என்றார்கள், பதினான்கு நாள் ஊசியும் டிரிப்புமாகக் கிடந்தாள், திரும்பி வந்தபோது ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. கிருபா மேடம் அந்த வாரம்தான் கோவில்பட்டிக்கு வந்திருந்தார். செம்பாவை மேலும் கீழும் பார்த்தார். “காய்ச்சல்னு ஏன் நினைக்கிறீங்க? உடம்புல இருக்கிற கழிவெல்லாம் வெளியேறியிருக்கு. இதுதான் மேனிமலர்,” என்றார். யாரும் எதற்கும் பாராட்டாத முப்பத்தாறு வயசில் ஒருத்தி, ஒரே காலையில் நூற்று நாற்பத்திரண்டு கைத்தட்டல் பொம்மைகளை வாங்கினால், அவளுக்கு டைபாய்டு மறந்துபோவது பெரிய அதிசயம் இல்லை. அன்றிலிருந்து அவள் ஆஃப்டர். அந்த ஆஃப்டர் கலைந்துவிடாமல் இருக்க ஐந்து மாதமாக அரை வயிறும் கால் வயிறுமாகச் சாப்பிட்டாள்.

பிஃபோர் போட்டோவுக்கு மேடம் சொன்ன இலக்கணம் இரண்டு: படத்தில் ஒரு ஆள்தான் இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. செம்பாவிடம் இருந்த பழைய படங்கள் எல்லாமே கூட்டத்தில் நின்று சிரித்தவை. கடைசியில் ஆவுடைத்தாய் அக்கா மகள் கல்யாணத்தில் எடுத்ததைத் தேர்ந்தெடுத்தாள். அதில் அவள் ஆவுடையக்கா தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாள். அக்காவை வெட்டி எடுத்தாள், அக்காவோடு கையும் போயிற்று. சிரிப்பை எடுக்க முடியவில்லை, படத்தை மங்கலாக்கினாள்.

ஆவுடைத்தாய் இரண்டு தெரு தள்ளி, மாவு அரைத்து விற்கிறவள். ஐம்பது வயசு, ஒன்பது வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். செம்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அந்த இடத்தில் ஆவுடையக்கா இருந்தாள். செம்பா காய்ச்சலில் கிடந்தபோது அக்கா தன் மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூரில் இருந்தாள். ஆடியில் திரும்பி வந்து, மெலிந்துபோன செம்பாவைத் தெருமுனையில் பார்த்து, யாரோ என்று நினைத்துக் கடந்துபோய், பிறகு திரும்பி வந்து கட்டிக்கொண்டாள். அப்புறம் அவளும் தாரகையானாள். பிஃபோர் வருவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது.

“செம்பா, பவுடர் குடிக்கவங்க சுகர் மாத்திரைய நிறுத்திரலாம்னு மேடம் சொல்லுதாங்க. நீ சொல்லுட்டி. நீ மாத்திரை ஊசின்னு ஏதாச்சும் எடுத்தியா, பவுடர் மட்டுந்தானா? நீ சொன்னா நான் கேக்கேன்.”

என்ன சொல்லலாம் என்று செம்பா மேடத்திடம் தனியாகக் கேட்டாள். “நம்பிக்கையாப் பேசுங்க, வாய்ஸ்லயே போடுங்க,” என்று பதில் வந்தது. செம்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்பது விநாடி பேசினாள்: “பவுடர் மட்டுந்தான்க்கா. வேற ஒண்ணுமே எடுக்கல. சத்தியமா.” சத்தியம் என்பதை யாரும் கேட்கவில்லை, அவளாகப் போட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆவுடையக்கா டம்ளர் போட்டோவுக்குக் கீழே ‘மாத்திரை இல்லாத நாள் 1’ என்று எழுதினாள். பத்தரை மணிக்குப் பிஃபோர் வந்தாள்.

செம்பா வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அந்த ஒரு புதன்கிழமையில் கோவில்பட்டியில் முப்பத்தெட்டுப் பிஃபோர்கள் வந்து சேர்ந்தன. முகத்தில் மங்கு விழுந்த பிஃபோர்கள், முட்டு வலியில் ஒருபக்கம் சாய்ந்து நடக்கிற பிஃபோர்கள், தலைமுடி கொட்டிப்போன பிஃபோர்கள், எல்லாரும் அவரவர் போட்டோவின் அளவுக்கு அவரவர் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்போர்ட் படத்தைப் போட்டவளுக்கு மார்பு வரைக்கும்தான் வந்தது. அதை அவள் டைனிங் டேபிளில் வைத்துப் பேச்சுத் துணைக்கு வைத்துக்கொண்டாள். இந்திரா நகரில் மூன்று பேர் ஒரே போட்டோவைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு வந்தது ஒரே ஒருத்தி, அவள் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், சாயங்கால ஷிப்ட் என்று மூன்று வீட்டுக்கும் போய்வந்தாள். போஸ்டாபீஸ் பக்கம் இருக்கிற சங்கரேஸ்வரி சோம்பேறி. தன் படத்தைத் தேடாமல் நெட்டிலிருந்து ஒன்றை இறக்கிப் போட்டிருந்தாள். அவள் வீட்டுக்கு ஆறடி உயரத்தில், செம்பட்டை முடியோடு, கையில்லாத பனியன் போட்ட ஒரு வெள்ளைக்காரி வந்து நின்று, வாசலில் குனிந்து தலையை இடித்துக்கொண்டாள். சங்கரேஸ்வரியின் மாமியார் அவளுக்கு ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டு, தயிர்ச்சோறு கொடுத்தாள். வெள்ளைக்காரி ஊறுகாய் கேட்டாள்.

ஊர் முதலில் கொஞ்சம் திணறியது, பிறகு பழகிக்கொண்டது. மினிபஸ் கண்டக்டர், உருவம் இருந்தால் டிக்கெட் உண்டு, முழங்கால் இல்லாவிட்டால் அரை டிக்கெட் என்று தானே ஒரு சட்டம் போட்டார், பாஸ்போர்ட் சைஸை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ரேஷன் கடையில் கூடுதல் அரிசி கேட்ட ஒருத்தியிடம், “கைரேகை வைக்கச் சொல்லும்மா, ரெண்டும் ஒரே ரேகையா இருந்தா ஒரே அரிசிதான்,” என்று முடித்துவிட்டார்கள். கோயிலில் அர்ச்சனைக்குப் போனால் குருக்கள், “அதே பேர், அதே நட்சத்திரந்தானே?” என்று கேட்டு, ஒரே தட்டிலிருந்து இரண்டு தடவை விபூதி கொடுத்தார். தீப்பெட்டி ஆபீஸில் ஆஃப்டர்கள் பெட்டி ஒட்டும்போது பிஃபோர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசினார்கள். பேச்சு இருந்ததால் வேலை வேகமாக ஓடியது என்று போர்மேன் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்களுக்கு வந்தவர்களைத்தான் பிடித்தது. புருஷன்மார்களுக்கும் அப்படித்தான், ஆனால் அதை வெளியே சொல்லும் அளவுக்கு யாருக்கும் தைரியம் இல்லை.

செம்பாவின் புருஷன் சண்முகவேல் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறவன், அதிகம் பேசாதவன். முதல் நாள் மதியம் சாப்பிட வந்தவன் தட்டுக்கு எதிரே இரண்டு பேரைப் பார்த்தான். “எப்ப வந்தா?” என்றான். “காலையில,” என்றாள் செம்பா. அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டான். பிஃபோர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கடைசி வாய் ரசத்தை அவள் உறிஞ்சிய சத்தத்தில் சண்முகவேல் சிரித்துவிட்டான். அவன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சிரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. செம்பாவுக்குத் தன்மேலேயே பொறாமையாக இருந்தது.

கிருபா மேடத்துக்குத்தான் இரண்டு நாள் பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது, வந்ததும் நிற்கவில்லை. “தாரகைகளே, எந்தக் கம்பெனிக்கும் கிடைக்காத வாய்ப்பு இது! இனி போட்டோ வேண்டாம், நேரடியாவே காட்டலாம்!” என்று அறிவித்து, அடுத்து வரும் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் வெற்றி விழா என்றும், ஒவ்வொரு தாரகையும் தன் பிஃபோரோடு மேடை ஏற வேண்டும் என்றும், பிஃபோர்கள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு என்றும் சொன்னார். விழாவின் சிறப்பு நிகழ்ச்சி, மாத்திரையை விட்ட ஆவுடைத்தாயின் அனுபவப் பகிர்வு. குரூப்பில் கைத்தட்டல்கள் மழையாகக் கொட்டின. செம்பாவும் இரண்டு போட்டாள்.

நாள் 4. நாள் 7. நாள் 11. தினமும் ஏழு மணிக்கு ஆவுடையக்காவின் டம்ளர் வந்தது, செம்பா தினமும் அதைப் பார்த்தாள், தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், பிறகு ஒரு கைத்தட்டல் போட்டாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு அவள் ஒரு தடவைகூடப் போகவில்லை. மாவு வாங்க வேண்டியிருந்தால் சண்முகவேலை அனுப்பினாள். பிஃபோர்தான் நச்சரித்தாள்.

“அக்கா எங்கட்டி?”

“வீட்ல இருப்பாக.”

“போவமா? என் கை அங்கதான இருக்கு.”

“வேலை இருக்கு.”

“உனக்கு என்னைக்குத்தான் வேலை இல்ல,” என்பாள் பிஃபோர் சிரித்துக்கொண்டே. அவளுக்கு டைபாய்டு தெரியாது, பவுடர் தெரியாது, ஒன்பது விநாடி தெரியாது. அவள் கல்யாணப் பந்தியில் இரண்டாவது பாயசத்துக்குக் காத்திருந்தவள், அதோடு சரி.

நாள் 16-இல் ஆவுடையக்கா டம்ளரோடு ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘தண்ணித் தாகமா இருக்கு, குடம் குடமாக் குடிக்கேன், இது நல்லதுக்குத்தான?’ அரை நிமிஷத்தில் மேடம் அதை அழித்துவிட்டார். நான்காம் விதி. நாள் 18-இல் டம்ளர் ஆடிப்போய், பாதிப் படத்தில் சுவர் மட்டும் தெரிந்தது. எழுபது பேர் கைத்தட்டினார்கள். செம்பாவின் விரல் கைத்தட்டலின் மேல் போய் நின்றது, அழுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு மேடம் போன் செய்தார். “ஆவுடை அக்காவை நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க செண்பகம். கொஞ்சம் டல்லாத் தெரியிறாங்க. மேடையில உங்க பக்கத்துலயே நிக்க வைங்க.” வேறு வழியில்லாமல் செம்பா கிளம்பினாள். கத்திரிப்பூச் சேலைக்காரி அவளுக்கு முன்னாலேயே தெருவில் இறங்கிவிட்டாள்.

ஆவுடைத்தாய் வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் சத்தம் கேட்காமல் செம்பா அதுவரை இருந்ததில்லை. அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். வலது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. விழாவுக்கென்று புதுச்சேலை கட்டி, கட்டிய மட்டில் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தோளில் ஒரு கை இருந்தது. கத்திரிப்பூ நிற ஜாக்கெட் கை, நான்கு கண்ணாடி வளையல், முழங்கைக்கு மேலே ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி நேர்க்கோடு.

“வா செம்பா,” என்றாள் அக்கா. “உன் கைதாம்ட்டி இது. அந்தப் புதன்கிழமை வந்துச்சு. வளையலைப் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். உனக்கு வேலை ஜாஸ்தி, நீதான் அனுப்பியிருக்கன்னு நினைச்சேன். நல்ல கை. முதுகத் தட்டிக் குடுக்கும். ஒரே ஒரு தொந்தரவு, தினமும் காலையில அலமாரியத் தொறந்து மாத்திர அட்டைய எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டும். நான் வாங்கி வாங்கி உள்ள வைப்பேன். மறுநாளும் நீட்டும்.”

பிஃபோர் சிரித்துக்கொண்டே போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளும் கையும் ஒன்றோடு ஒன்று பொருந்தின, ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கு நீட்டிய மாத்திரை அட்டை மட்டும் அந்த விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது.

“ஏன் செம்பா,” என்றாள் ஆவுடைத்தாய், குரலைத் தாழ்த்தி, குரூப்பில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “மாத்திரைய நிறுத்துனா முதல்ல இப்பிடித்தான் இருக்குமா? கண்ணு மங்குது. கால் புண்ணு ஆறமாட்டேங்கு. மேடத்துட்ட கேட்டா, கழிவு வெளியேறுதுங்காங்க. உனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா? நீ சொல்லு. நீ சொன்னா நான் இன்னும் பத்து நாளு தாங்கிக்கிடுவேன்.”

ஐந்து மாதமாகச் செம்பா எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறாள். எல்லாப் பதிலும் மேடம் எழுதி அனுப்பியவை, பூவும் நட்சத்திரமும் வைத்தவை.

“எனக்கு டைபாய்டு வந்துச்சுக்கா,” என்றாள். “சாத்தூர்ல பதினாலு நாள் கெடந்தேன். ஊசி, டிரிப்பு, மாத்திரை, எல்லாம் எடுத்தேன். அதுலதான் மெலிஞ்சேன். பவுடர் நாலு நாள்தான் குடிச்சேன். நான் சொன்னது பொய்யிக்கா. சத்தியம்னு சொன்னதும் பொய்யி.” சொல்லி முடித்ததும் அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆவுடைத்தாய் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து குடித்தாள், இன்னொன்று குடித்தாள். செம்பா அடிக்குக் காத்திருக்கிறவள்போல் தலையைக் குனிந்திருந்தாள். வெளியே போ என்று சொன்னால் போய்விட வேண்டும், ஆனால் இவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

“பதினாலு நாளா கெடந்த?” என்றாள் அக்கா கடைசியில். “பதினாலு நாளு சாகக் கெடந்துட்டு எனக்கு ஒரு போனு போடலியேட்டி. திருப்பூர் என்ன சீமையிலயா இருக்கு? நான் வந்து கஞ்சி வச்சிக் குடுத்திருக்க மாட்டனா? ஊருக்கே வாய்ஸ் நோட்டுப் போடுத, எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலியே உனக்கு.”

அப்போதுதான் செம்பா அழுதாள். வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி அழுதாள். பிஃபோர் இரண்டு கையாலும் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு, அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு முகம் கிடையாது.

ஆட்டோக்காரர் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார். அவசரப் பிரிவில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், மெஷினை ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் குத்தினாள். சர்க்கரை நானூற்றுப் பதினெட்டு. டாக்டர் இளம்பெண், ஆவுடைத்தாயை ஒரு பாட்டம் திட்டினார், செம்பாவை ஒரு பாட்டம் திட்டினார், பிஃபோரைப் பார்த்து, “நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்று அவளையும் திட்டினார். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த முக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த செம்பாவுக்கு எந்தச் சாமியின் பெயரும் முழுசாக வாயில் வரவில்லை. பிறகு டாக்டர் எட்டிப் பார்த்து, “இறங்க ஆரம்பிச்சிருக்கு. புண்ணும் மேலோடதான், காலுக்கு ஒண்ணும் ஆகாது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்,” என்றார். செம்பா பெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சை விட்டாள். வைகாசியிலிருந்து உள்ளேயே பிடித்து வைத்திருந்த மூச்சு முழுவதும் வெளியே போனதுபோல இருந்தது.

மணி பதினொன்றே முக்கால். போனில் மேடத்தின் அழைப்புகள் பதினேழு இருந்தன. செம்பா குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்து, தொண்டையைச் செருமாமல் பேசினாள். “நான் செண்பகவல்லி பேசுதேன். எனக்கு டைபாய்டு. பவுடர் இல்ல. ஆவுடையக்கா பெரியாஸ்பத்திரில இருக்காக, பொழைச்சுக்கிட்டாக. யாராச்சும் மாத்திரைய நிறுத்தியிருந்தா இன்னைக்கே போட்டுருங்க. என்னைய திட்டணும்னா அப்புறம் திட்டுங்க, முதல்ல போட்டுருங்க.”

மண்டபத்தில் அப்போது நடந்ததை அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். மேடையில் ஆஃப்டர்கள் ஒரு வரிசை, பிஃபோர்கள் ஒரு வரிசை. நூற்றுச் சொச்சம் போன்கள் ஒன்றாகச் சிணுங்கின. முதல் ஒருத்தி திறந்தாள், அடுத்தவள் அரை விநாடி கழித்துத் திறந்தாள், இப்படி ஒவ்வொருத்தி போனிலிருந்தும் கொஞ்சம் முன்னும் பின்னுமாகச் செம்பாவின் குரல் கிளம்பி, மண்டபம் முழுக்க டைபாய்டு டைபாய்டு என்று அலையடித்தது. அது ஓய்ந்ததும் சங்கரேஸ்வரி எழுந்து, “என் பிஃபோரு நெட்ல எடுத்தது,” என்றாள். “அது எங்களுக்குத் தெரியாதாக்கும்,” என்று யாரோ சொல்ல, முதல் சிரிப்பு வந்தது. அதோடு மடை திறந்துகொண்டது. ஒருத்தி முட்டுக்கு இன்னமும் ஊசி போடுகிறாளாம். ஒருத்தி தலைமுடி சவுரியாம். தீப்பெட்டி ஆபீஸ் மாரிக்கனி ஆறு மாசமாகப் பவுடரைத் தொடவே இல்லை, டம்ளரில் சத்துமாவைக் கரைத்துப் போட்டோ எடுத்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாளாம். இரண்டு பேர் பிரஷர் மாத்திரையை விட்டிருந்தார்கள்; அவர்கள் கைப்பையைத் துழாவி, மேடையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அங்கேயே விழுங்கினார்கள். அழுகையும் சிரிப்புமாக மண்டபம் கல்யாண வீடுபோல ஆகிவிட்டது. மைக்கைப் பிடித்தபடி நின்ற கிருபா மேடத்துக்கும் அப்போதுதான் பிஃபோர் வந்தது, எண்ணெய் வழிந்த முகமும் பருத்திச் சேலையுமாக, பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு டியூஷன் டீச்சர் பின்வாசலால் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரு கிருபா. எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்ப?” என்றாள். மேடம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் முகம் அவ்வளவு லேசாகி யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள்.

அன்றைக்கு மதியம் பந்தி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பிஃபோர்கள் அவரவர் ஆளோடு சேர்ந்துகொண்டன. பஸ் ஏறும்போது இரண்டு பேர், இறங்கும்போது ஒருத்தி. கண்டக்டர் அரை டிக்கெட் காசைத் திருப்பித் தரவில்லை. வெள்ளைக்காரிக்கு மட்டும் சேர ஆள் இல்லை. அவள் சங்கரேஸ்வரி வீட்டிலேயே இருந்துகொண்டாள், வாசலில் தலை இடிக்காமல் குனியக் கற்றுக்கொண்டாள். குரூப்பும் இன்னும் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ வருவதில்லை. யாருக்கு என்ன வலி, எந்த டாக்டர் நல்லவர், யார் வீட்டு ஊறுகாய் விற்பனைக்கு இருக்கிறது, அதில் உப்பு கூடியதா குறைந்ததா என்று நூற்று நாற்பத்து மூன்று பேரும் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். நான்காம் விதியை யாரும் எடுக்கவில்லை, எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

இதெல்லாம் அப்புறம். அன்றைக்குப் பகல் ஒரு மணிக்குச் செம்பா இன்னும் ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் இருந்தாள், பக்கத்தில் பிஃபோர். வார்டு வாசலில் கம்பி கேட்டை ஒரு ஆள் அளவுக்கு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்ற காவல்காரம்மா, சீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

“ஆவுடைத்தாய் கூட இருக்கிறது யாரு?”

இரண்டு பேரும் எழுந்தார்கள். “நாங்கதான்.”

“ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆள்தான். ரெண்டு பேரை உள்ள விட மாட்டேன். யாரு வாரீக?”

“நீ போ,” என்றாள் பிஃபோர். “நீதான சொல்லவேண்டியதைச் சொன்ன.”

“நீ போ,” என்றாள் செம்பா. “அக்கா தேடுறது உன்னையத்தான்.”

“சீக்கிரம் சொல்லுங்கம்மா, டாக்டர் ரவுண்ட்ஸ் வாராக,” என்று காவல்காரம்மா அதட்டினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன இடைவெளியில் நுழைந்தார்கள். ஒருத்தி உள்ளே வந்தாள். காவல்காரம்மா ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பெயரைக் கத்தப் போய்விட்டாள்.

செம்பாவுக்கு ஜாக்கெட் இறுக்கியது. அக்குளில் ஒரு தையல் விட்டது. இடது கையில் நான்கு கண்ணாடி வளையல் இருந்தது. அதைவிட, பசித்தது, ஒளித்துவைக்க வேண்டாத, நல்ல பசி.

ஜன்னலோரக் கட்டிலில் ஆவுடைத்தாய் கையில் ஊசியோடு படுத்திருந்தாள். உதட்டில் ஈரம் வந்திருந்தது. செம்பாவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“உக்காரு,” என்றாள். “காய்ச்சல் என்னைக்கு வந்துச்சு, யாரு முதல்ல நெத்தியத் தொட்டுப் பாத்தா, அதுலருந்து சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு.”

செம்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அக்காவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.